நாற்பது ஆடுகள் கெந்துகின்றன: குளம்பு அழுகலுக்கு என்ன வைத்தியம்?

கேள்வி: ஐயா, விளாத்திகுளம் பக்கம் கரிசல்காட்டு ஊர். அப்பாவுக்குப் பிறகு நான்தான் மந்தையைப் பார்க்கிறேன். வேம்பூர் செம்மறி ஆடு 140 உருப்படி, கூடவே வெள்ளாடு 11. புரட்டாசியில் சந்தையில் 12 பெட்டைக் குட்டிகள் வாங்கி மந்தையோடு விட்டேன். ஐப்பசி மழை பிடித்ததும் இரண்டு மூன்று ஆடுகள் கெந்த ஆரம்பித்தன. இப்போது நாற்பதுக்கு மேல். முன்னங்கால் முட்டி போட்டு மேய்கின்றன, குளம்பு நாறுகிறது. பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் குளம்பைச் செதுக்கி மயில்துத்தம் வைத்தார். மருந்துக்கடையில் மஞ்சள் ஊசி கொடுத்தார்கள். ஆட்டுக்கு 2 மில்லி வீதம் மூன்று நாள் போட்டேன். தேறியது போலிருந்தது, பத்து நாளில் மறுபடி வந்துவிட்டது. இது கோமாரியா, சேற்றுப்புண்ணா? சித்தப்பா மந்தையோடு சேர்த்துத்தான் கிடை போடுகிறோம், அவர் கோபமாக இருக்கிறார். கெந்துகிற ஆடுகளை விற்றுவிட்டு, கிடையை வேறு பக்கம் மாற்றிவிடலாமா? தடுப்பூசி உண்டா? கறி சாப்பிடலாமா?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால் இது குளம்பு அழுகல் நோய். பாக்டீரியாவால் வருவது, ஆட்டுக்கு ஆடு தொற்றுவது. சாகடிக்கிற நோய் இல்லை. ஆனால் மேய்ச்சலைக் கெடுத்து, எடையைக் குறைத்து, தாயாட்டுக்குப் பால் வற்றி, குட்டி மெலிந்து, கிடா பின்னங்கால் ஊன்ற முடியாமல் பொலிவதை நிறுத்தி, ஒரு வருட வருமானத்தைத் தின்றுவிடும். குணப்படுத்த முடியும். மந்தையை விட்டே ஒழிக்கவும் முடியும். அதற்கு இரண்டு காரியங்களை இன்றே நிறுத்துங்கள். ஒன்று, குளம்பைச் செதுக்குவது. இன்னொன்று, கெந்துகிற ஆட்டைச் சந்தைக்கு ஓட்டும் யோசனை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் நோய் இதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கடிதத்தைப் படித்துச் சொல்வது வேறு, குளம்பைப் பிரித்துப் பார்த்துச் சொல்வது வேறு. நீங்களே பார்க்கலாம். கெந்த ஆரம்பித்து இரண்டு மூன்று நாளே ஆன ஆடு ஒன்று, நாள்பட்டது ஒன்று, கெந்தாதது ஒன்று என்று மூன்று ஆடுகளைப் பிடியுங்கள். பிட்டம் தரையில் படும்படி உட்கார வைத்து, முதுகை உங்கள் முழங்காலில் சாய்த்துக்கொண்டால் ஆடு அடங்கிவிடும். நிறைசினை ஆட்டை மட்டும் அப்படிப் புரட்டாதீர்கள், நிற்க வைத்தே காலைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிக் கரிசல் மண்ணைக் கழுவுங்கள். நம் மண் குளம்பு இடுக்கில் பந்து பந்தாக ஒட்டிக் காய்ந்திருக்கும். அதை எடுக்காமல் எதுவும் தெரியாது.

இப்போது இரண்டு குளம்பையும் விரலால் விலக்குங்கள். குளம்பு அழுகல் எப்போதும் இந்த இடுக்குத் தோலில்தான் தொடங்கும். தோல் சிவந்து, மயிர் உதிர்ந்து, ஈரம் கசிந்து, மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பசை படிந்திருக்கும். இதுவரைக்கும் சாதாரணச் சேற்றுப்புண்ணும் இப்படித்தான் இருக்கும். வித்தியாசம் அடுத்த கட்டத்தில் தெரியும். நாள்பட்ட ஆட்டின் குதிப் பக்கம், அதாவது குளம்பின் பின்பகுதியில் மெத்தென்று இருக்கிற இடத்தை உள்பக்கமாகப் பாருங்கள். குளம்பு ஓடு கீழே இருக்கும் சதையை விட்டுப் பிரிந்திருக்கும். லேசாக அழுத்தினால் ஓட்டுக்குள் விரல்நகம் நுழைகிற அளவு இடைவெளி தெரியும். அந்தப் பிரிவு குதியிலிருந்து அடிப்பாகத்துக்குப் போய், கடைசியில் வெளிச்சுவர் வரை ஏறும். உள்ளே சீழ் நிறைய இருக்காது. கொழகொழவென்று கொஞ்சம் சாம்பல் நிறக் கழிவு, அவ்வளவுதான். ஆனால் நாற்றம்! ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். ஓடு பிரிவதும் அந்த நாற்றமும் சேர்ந்திருந்தால் வேறு பரிசோதனை இல்லாமலே பாதிக்கு மேல் உறுதி.

பார்க்கும்போது ஒன்றைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். செம்மறியின் ஒவ்வொரு காலிலும், குளம்புகள் பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே முன்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அழுத்தினால் மெழுகு மாதிரி வரும். அது பிறவியிலேயே இருக்கிற சுரப்பி. அதைப் புழு ஓட்டை என்று நினைத்துச் சூடு வைத்த ஆடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைத் தொடாதீர்கள்.

கோமாரியா என்று கேட்டிருக்கிறீர்கள், நியாயமான பயம்தான். கோமாரி வைரஸ் நோய். வந்தால் கால் மட்டும் புண்ணாகாது. வாயில் ஈறு, நாக்கு, மேல்தாடைப் பகுதியில் கொப்புளமோ உடைந்த புண்ணோ இருக்கும், காய்ச்சல் இருக்கும், சின்னக் குட்டிகள் திடீரென்று விழுந்து சாகும். ஊரில் மாடுகளுக்கும் எச்சில் ஒழுகி, கால் உதறும். செம்மறிக்கு வாய்ப்புண் லேசாகவே வரும் என்பதால் வாயைத் திறந்து வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள்.

அதைவிட மழைக்காலத்தில் நம் பக்கம் நான் அதிகம் சந்தேகப்படுவது நீலநாக்கு நோயை. ஐப்பசி, கார்த்திகையில் சிறு கடி ஈக்கள் பரப்புவது. அதிலும் ஆடு கெந்தும். ஆனால் 105, 106 டிகிரி காய்ச்சல் அடிக்கும், மூஞ்சி வீங்கும், மூக்கில் சளி காய்ந்து பொருக்குத் தட்டும், வாயில் புண் இருக்கும். காலில் பார்த்தால் குளம்பும் தோலும் சேருகிற விளிம்பில் வளையம் போட்டது போலச் சிவப்பாகவோ ஊதாவாகவோ கோடு ஓடும். இடுக்கு சுத்தமாக இருக்கும். ஆக, புண் இடுக்கிலா, மேல் விளிம்பிலா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். ஆசனவாயில் வெப்பமானி வைத்து நான்கைந்து ஆடுகளுக்குக் காய்ச்சல் பாருங்கள். குளம்பு அழுகலில் பெரும்பாலும் 102, 103 என்று சாதாரணமாகத்தான் இருக்கும். காய்ச்சலோ வாய்ப்புண்ணோ ஒரு ஆட்டுக்கு இருந்தாலும் இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ வண்டி வரும்.

மூன்றாவது, சீமைக்கருவேல முள். அது ஏறிச் சீழ் பிடித்தாலும் ஆடு காலைத் தூக்கிக்கொள்ளும். ஆனால் முள் ஒரு காலில், ஒரு குளம்பில் ஏறும். அந்தக் குளம்பு சூடாக இருக்கும், கீறினால் சீழ் பீய்ச்சும். நாற்பது ஆட்டுக்கு ஒரே மாதத்தில் முள் ஏறாது. குளம்பு அழுகலில் ஒரு ஆட்டுக்கே இரண்டு மூன்று கால்களில், ஒரு காலின் இரண்டு குளம்புகளிலும் பார்க்கலாம்.

சந்தேகமே வேண்டாம் என்றால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். இன்னும் ஊசி போடாத, புதிதாகக் கெந்துகிற நான்கைந்து ஆடுகளில் ஓடு பிரிகிற ஓரத்திலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுக்க வேண்டும். ஊசி போட்ட ஆட்டில் எடுத்தால் கிருமி அகப்படாது. கண்ணாடிச் சில்லில் தேய்த்துச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டு முனையும் உருண்டு தடித்த கோல் வடிவக் கிருமிகள் தெரியும். டைக்கிலோபேக்டர் நோடோசஸ் என்று பெயர். காற்றுப்பட்டால் வளராத ஜாதி என்பதால் வளர்த்துப் பார்ப்பது சிரமம். பிசிஆர் சோதனை அதைவிட எளிது. உங்கள் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவை மருத்துவர் மூலம் அணுகுங்கள், திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்களுக்குத் தூரமில்லை.

சரி, சேற்றுக்கு வருவோம். உங்கள் கடிதம் முழுக்க மழையையும் சேற்றையும் குறை சொல்கிறீர்கள். சேறு கதவைத் திறந்து விடுகிறது, உண்மைதான். நாள் கணக்கில் ஈரத்தில் நின்ற குளம்பு இடுக்குத் தோல் ஊறி வெளுத்துப் போகும். புழுக்கையிலும் சேற்றிலும் எப்போதும் இருக்கிற இன்னொரு பாக்டீரியா முதலில் அதைப் புண்ணாக்கும். அதற்கு மேல்தான் குளம்பு அழுகல் கிருமி ஏறி, ஓட்டைக் கரைக்கிற நொதிகளைச் சுரந்து உள்ளே போகிறது. ஆனால் அந்தக் கிருமி உங்கள் கரிசலில் பிறந்தது இல்லை. அது மண்ணில் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்காது. ஆட்டின் குளம்புக்குள் மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில் கூட இருக்கும். உங்கள் அப்பா காலத்திலும் இதே காட்டில் மழை பெய்தது, சேறு இருந்தது, நாற்பது ஆடு கெந்தவில்லை. புரட்டாசியில் வாங்கிய பன்னிரண்டு குட்டிகளில் ஒன்றோ இரண்டோ வெளியில் தெரியாமல் கொண்டுவந்திருக்க வேண்டும். காய்ந்த தரையில் அவை கெந்தியிருக்காது. மழை வந்ததும் பரவிவிட்டது. அந்தக் குட்டிகளின் காலைத் தனியாகப் பாருங்கள். ஏதாவது ஒன்றின் குளம்பு நீண்டு கோணிப் போயிருந்தால், பழைய நோயாளி அதுதான்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். நீங்கள் வைத்தியம் பார்க்க வேண்டியது நிலத்துக்கு இல்லை, ஆட்டுக்குத்தான். கிடையை மட்டும் வேறு பக்கம் மாற்றினால் நோயையும் கூடவே ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். சந்தையில் விற்றால் உங்களுக்கு வந்தது இன்னொருவருக்குப் போகிறது. யாரோ அப்படி ஓட்டி வந்து விற்றதால்தான் நீங்கள் இன்று கடிதம் எழுதுகிறீர்கள். தவிர, கெந்துகிற ஆட்டுக்கு வியாபாரி என்ன விலை வைப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் வைத்தியம் ஏன் தோற்றது? இரண்டு காரணம். மருந்துக்கடைக்காரர் கொடுத்த மஞ்சள் ஊசி ஆக்ஸிடெட்ராசைக்ளின், மருந்து சரிதான். அது மில்லிக்கு 50 மில்லிகிராம் உள்ள சாதாரண வகையாக இருந்தால், 2 மில்லியில் 100 மில்லிகிராம். உங்கள் தாயாடு 30 கிலோ என்று வைத்தால் கிலோவுக்கு 3 மில்லிகிராம் சொச்சம்தான் போயிருக்கிறது. குளம்பு ஓட்டுக்கு அடியில் இருக்கிற கிருமிக்கு அது எட்டாது. வலி குறைந்திருக்கும், கிருமி செத்திருக்காது. இரண்டாவது காரணம், ஊசி போட்ட கையோடு ஆட்டைச் சேற்றில் விட்டிருப்பீர்கள். இந்த நோய்க்கு ஒருமுறை வந்து போனால் எதிர்ப்புச் சக்தி நிற்பதும் கிடையாது. தேறிய ஆடே மறுபடி வாங்கிக்கொள்ளும்.

நான் எழுதிக் கொடுப்பது நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின், மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ளது. கிலோவுக்கு 20 மில்லிகிராம், அதாவது 10 கிலோ எடைக்கு 1 மில்லி கணக்கில் ஆழமாகத் தசையில் ஒரே ஊசி. 30 கிலோ ஆட்டுக்கு 3 மில்லி. எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல், ஒரு நாலு ஆட்டையாவது தராசில் தூக்கிப் பாருங்கள். நாம் பெரும்பாலும் குறைத்தே மதிப்போம். எந்த ஆட்டுக்கு எவ்வளவு, நிறைசினை ஆட்டுக்குப் போடலாமா என்பதை உங்கள் மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். மருந்துச் சீட்டும் அவரிடமே வாங்குங்கள். இந்த மருந்தை அரைகுறையாகப் போட்டுப் பழக்கினால் நாளைக்கு வேறு நோய்க்கும் கேட்காது. ஊசி போட்ட அன்றே காலைக் கழுவித் துடைத்து, இடுக்கிலும் ஓட்டோரத்திலும் ஆன்டிபயாடிக் ஸ்பிரே அடியுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்க, 24 மணி நேரம், ஈரமில்லாத தரையில் நிறுத்துங்கள். சிமென்ட் களமோ, கூரைக்கடியில் வைக்கோல் பரப்பிய இடமோ, சரளை மேடோ எதுவானாலும் சரி. இதைச் செய்யாமல் ஊசி மட்டும் போடுவது பாதி வைத்தியம். பெரும்பாலான ஆடுகள் ஒரு வாரம் பத்து நாளில் நேராக நடக்கும்.

செதுக்க வேண்டாம் என்றேன். என் தலைமுறை மருத்துவர்களுக்கு, பிரிந்த ஓட்டை எல்லாம் வெட்டி எடுத்துக் காற்றுப் படவிட்டு மருந்து வை என்றுதான் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். காற்றுக்கு ஆகாத கிருமி என்பதால் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 2010-ல் பிரிட்டனில் ஒரு சோதனை வெளியானது. நீண்ட நேர ஊசியும் ஸ்பிரேயும் மட்டும் பெற்ற ஆடுகள் சீக்கிரம் தேறின, கூடவே குளம்பும் செதுக்கப்பட்ட ஆடுகள் தாமதமாகத் தேறின. அதற்குப் பிறகு நானும் மாற்றிக்கொண்டேன், பலன் கண்ணால் தெரிகிறது. அரிவாளால் ரத்தம் வருகிற அளவு செதுக்கினால் உயிர்ச்சதை வெளியே வந்து, நுனியில் சிவப்பாக உருண்டையாகச் சதை வளரும். அப்படி வளர்ந்த ஆடு பிறகு எந்த மருந்துக்கும் நேராக நடக்காது. ஒரே கத்தியை நாற்பது காலிலும் வைத்தால் நோயை நாமே பரப்புகிறோம். செதுக்கிப் போட்ட துண்டுகளுக்குள்ளும் கிருமி பத்திரமாக இருக்கும், கிடையில் கிடந்தால் பொறுக்கி எரித்துவிடுங்கள். தேறி இரண்டு வாரம் ஆன பிறகு, தொங்குகிற ஓட்டை மட்டும் நறுக்கிவிட்டால் போதும்.

புண்ணில் புழு வைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு காலிலும் பாருங்கள். மழைவிட்டு வெயில் அடிக்கிற நாளில் ஈ மொய்த்து முட்டை இட்டுவிடும். ஆடு படுக்கும்போது கால் படுகிற மார்புப் பக்கமும் பாருங்கள், புழு அங்கேயும் தாவும். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்து ஊற்றினால் புழு வெளியே வரும், இடுக்கியால் எடுத்துவிட்டுப் பிறகு ஸ்பிரே. குப்பைமேனி, மஞ்சள், பூண்டு, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெயை மேல்புண்ணுக்குத் தாராளமாகப் போடுங்கள், புண் ஆறுவதற்கும் ஈயை விரட்டவும் நல்லது. ஓட்டுக்கு அடியில் போன கிருமியை மட்டும் அது தொடாது. பேட்டரி ஆசிட், சூட்டுக்கோல் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

மொத்த மந்தைக்கும் கால் குளியல் கொடுக்க வேண்டும். இதற்கு மருந்து நீங்கள் நினைப்பதைவிடப் பக்கத்திலேயே இருக்கிறது. நெல்லுக்கு அடியுரத்தோடு போடுகிறோமே, சிங்க் சல்பேட், அதேதான். உரக்கடையில் வாங்குங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ. பத்தடி நீளம், மூன்றடி அகலத்துக்குத் தரையைக் கொஞ்சம் தோண்டித் தார்ப்பாய் விரித்து, மேலே சாக்கு போடுங்கள், ஆடு வழுக்காது, தண்ணீரும் தெறிக்காது. மூன்று அங்குலம் நிற்க 200 லிட்டர் பிடிக்கும், ஆக 20 கிலோ. இரண்டு பக்கமும் தட்டி கட்டி எட்டு எட்டு ஆடாக விடுங்கள். விடுவதற்கு முன் வேறொரு இடத்தில் வெறும் தண்ணீரில் நடக்க விட்டு மண் போகட்டும். இல்லையென்றால் நாலாவது ஈட்டில் மருந்துத் தொட்டி சேற்றுக்குட்டை ஆகிவிடும். தாகத்தோடு ஓட்டி வராதீர்கள், குடித்துவிடும். கெந்தாத ஆடுகள் முதலில், இரண்டு மூன்று நிமிடம் நின்றால் போதும். கெந்துகிறவை கடைசியில், முழுசாகப் பதினைந்து நிமிடம். வெளியே வந்ததும் காய்ந்த தரையில் ஒரு மணி நேரமாவது நிற்கட்டும். வாரம் ஒருமுறை, நாலு வாரத்துக்கு. ஒரு காலைப் பொழுது போய்விடும், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

மயில்துத்தமும், அதாவது காப்பர் சல்பேட் என்கிற தாமிர உப்பும், இந்தக் கிருமியைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் செம்மறிக்குத் தாமிரம் மாதிரி எதிரி கிடையாது. வெள்ளாடும் மாடும் தாங்குகிற அளவைச் செம்மறி தாங்காது. தொட்டியில் இரண்டு வாய் குடித்தாலோ, துத்தத் தண்ணீர் சொட்டிய புல்லைத் தொடர்ந்து மேய்ந்தாலோ, ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்து விழும். அதனால்தான் சிங்க் என்கிறேன். ஃபார்மலினில் சிலர் செய்வார்கள், 97 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர். அது காற்றோட்டமான இடத்தில்தான், ஐந்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது, திறந்த புண்ணில் பட்டால் ஆட்டுக்கு உயிர் போகிற வலி. ஒருமுறை அந்த வலி பட்ட ஆடு அடுத்த வாரம் தொட்டி அருகிலேயே வராது. உங்கள் மந்தையில் பல ஆடுகளைச் செதுக்கியிருப்பதால் ஃபார்மலின் இப்போது வேண்டாம்.

வெள்ளாடுகளை மறந்துவிடாதீர்கள். அவை கெந்தாமலே கிருமியைச் சுமக்கும். பதினொன்றையும் அதே தொட்டியில் இறக்குங்கள்.

இனி சித்தப்பா. அவர் கோபம் நியாயம்தான், ஆனால் கோபத்தில் அவர் தனியாகப் பிரித்துக்கொண்டு போனால் இருவருக்கும் நஷ்டம். இத்தனை நாள் ஒரே கிடையில் படுத்த ஆடுகள், அவர் மந்தையிலும் நோய் ஏறியிருக்கும். இரண்டு மந்தையையும் ஒரே நாளில் பார்த்து, ஒரே நாளில் குளியல் கொடுங்கள். ஒருவர் செய்து இன்னொருவர் விட்டால் அடுத்த மழைக்கு மறுபடி இதே கதை. அவரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். அதற்கப்புறம், கெந்துகிற கூட்டம் ஒன்று, கெந்தாத கூட்டம் ஒன்று என்று இரண்டாகப் பிரித்து, தனித்தனி மேய்ச்சல், தனித்தனிக் கிடை. கெந்துகிற கூட்டம் படுத்த நிலத்தில் இரண்டு வாரத்துக்கு நல்ல கூட்டத்தை விடாதீர்கள். அதற்குமேல் அந்த நிலத்தால் பயமில்லை, கிடைக்குச் சொன்ன விவசாயியிடமும் தைரியமாகச் சொல்லலாம். கண்மாய்க் கரையில் எல்லா மந்தையும் தண்ணீர் குடிக்கிற சகதி இடம்தான் தொற்றுக்கு மோசமான இடம். முடிந்தால் மேட்டில் தொட்டி வைத்துக் காட்டுங்கள். கிடையை ஒரே வயலில் மூன்று நாள், நாலு நாள் போடாமல் தினம் நகர்த்துங்கள், மேடான பக்கமாக.

மழைக்காலத்தில் நீங்கள் செய்வதெல்லாம் சேதத்தைக் குறைப்பதுதான். நோயை ஒழிக்கிற வேலை மாசி, பங்குனியில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வெயில் ஏறித் தரை காய்ந்ததும் ஆடுகள் எல்லாம் நேராக நடக்கும், நோய் போய்விட்டது என்று நினைத்துவிடுவோம். போகாது, பரவுவது மட்டும் நிற்கும். குளிர் நாடுகளில் 10 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினாலும் பரவல் நிற்கும். நமக்கு அந்தக் குளிர் கிடையாது, கோடைதான் கைகொடுக்கும். அந்தச் சமயத்தில் ஒவ்வொரு ஆட்டையும், கெந்தியதோ கெந்தாததோ, உட்கார வைத்து நாலு காலையும் பார்க்க வேண்டும். ஓடு பிரிந்த இடம், உள்ளே கறுத்த பொந்து, கோணி வளர்ந்த குளம்பு என்று எது தெரிந்தாலும் அந்த ஆடு தனியாக. ஒருமுறை ஊசி, குளியல் கொடுத்து, மூன்று நாலு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஆறாததை மந்தையில் வைக்காதீர்கள். உங்கள் நல்ல கிடாவாகவே இருந்தாலும் சரி. வளர்ப்புக்கு விற்காமல் நேரடியாகக் கறிக்கு அனுப்புங்கள். இப்படி இரண்டு தடவை சுத்தமாகப் பார்த்து முடித்த மந்தைக்கு, வெளியிலிருந்து ஆடு சேராத வரை, அடுத்த ஐப்பசியில் எவ்வளவு சேறு இருந்தாலும் இந்த நோய் வராது.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நேபாளத்தில் மலையேறி இறங்கி மேய்கிற, நம் வலசை ஆடுகள் மாதிரியான மந்தைகளிலேயே நடந்திருக்கிறது. அங்கே பரவியிருந்த கிருமி வகைகளைக் கண்டுபிடித்து, அதற்கென்றே தடுப்பூசி செய்து போட்டு, ஆறாத ஆடுகளை நீக்கி, கடுமையான வகையை ஒழித்தார்கள். சுவிட்சர்லாந்தில் 2024 அக்டோபரில் நாடு முழுவதும் ஆட்டுக்காலில் பஞ்சுக்குச்சி வைத்துச் சோதித்து ஒழிக்கிற திட்டத்தையே தொடங்கியிருக்கிறார்கள். கிருமி மண்ணில் தங்குகிறது என்றால் இதெல்லாம் சாத்தியமா?

தடுப்பூசி என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கிருமியில் பத்து வகை உண்டு, ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது. பல வகைகளைச் சேர்த்த ஊசி வெளிநாட்டில் இருக்கிறது, பாதுகாப்பு சில மாதம்தான் நிற்கும். காஷ்மீரில் அங்கே அதிகம் காணப்படும் வகைக்கு ஊசி செய்து பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் மருந்துக்கடையில் போய் வாங்குகிற நிலை இல்லை. யாராவது குளம்பு நோய்க்கு ஊசி என்று கொடுத்தால் அது பெரும்பாலும் கோமாரித் தடுப்பூசியாக இருக்கும். அதையும் நீலநாக்குத் தடுப்பூசியையும் காலாகாலத்தில் போடுங்கள், அவசியம்தான், ஆனால் குளம்பு அழுகலை அவை தடுக்காது.

அடுத்த தடவை ஆடு வாங்கும்போது பல்லையும் மடியையும் பார்ப்பதோடு நாலு காலையும் தூக்கிப் பாருங்கள். வாங்கி வந்ததை மூன்று, நாலு வாரம் தனியாக மேய்த்து, வந்த அன்றும் கடைசியிலும் சிங்க் குளியல் கொடுத்து, மறுபடி குளம்பைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஆட்டுக்கொல்லி, அம்மை எதுவானாலும் அந்த நாட்களுக்குள் வெளியே வந்துவிடும், அது தனி லாபம்.

கறி பற்றி. இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது, குளம்பு அழுகல் வந்த ஆட்டின் கறியால் கெடுதல் இல்லை. ஊசி மருந்துதான் கணக்கு. நீண்ட நேர ஊசி போட்ட ஆட்டை, பாட்டிலில் அச்சிட்ட நாட்கள் முடியும்வரை வெட்டக்கூடாது. நான் எல்லோருக்கும் நாலு வாரம் என்று சொல்லி வைப்பேன். நாற்பது ஆட்டில் எதற்கு என்றைக்குப் போட்டோம் என்பது நினைவில் நிற்காது. அதனால் ஊசி போட்ட கையோடு முதுகில் ஒரு பெயின்ட் கோடு, வாரத்துக்கு ஒரு நிறம். நோட்டிலும் தேதியைக் குறித்து வையுங்கள், மருத்துவர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.